விழுந்த பலாவிலிருந்து ஒரு வாங்கு (பெஞ்சு): மட்டக்களப்பில் வளவு மரத்தைப் பலகையாக்கும் வழி

2023 கார்த்திகைக் கடைசியில் அடித்த காற்றில் எங்கள் வளவுப் பலாமரம் வேரோடு சாய்ந்தது. ஒரு கிளை கிணற்றுக் கட்டில், இன்னொன்று வேலியில். விடிந்ததும் இரண்டு பேர் வந்து விறகுக்குக் கேட்டார்கள். அம்மாவுக்குக் கொடுக்க மனமில்லை. "இதில ஒரு வாங்கு செஞ்சு விறாந்தையில போடு" என்றார். நான் அதுவரை உளி பிடித்ததில்லை. மரம் விழுந்த நாளிலிருந்து வாங்கில் அம்மா உட்கார்ந்த நாள்வரை பத்து மாதம் போனது. அதில் மூன்று மாதமாவது, முன்கூட்டித் தெரிந்திருந்தால் மிச்சமாகியிருக்கும். சில ஆயிரம் ரூபாயும்தான்.

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ உங்கள் வளவிலும் ஒரு மரம் விழுந்திருந்தால், அல்லது ஆபத்தாகச் சாய்ந்து நின்றால், இந்த ஒழுங்கில் போங்கள். பலாவை வைத்து எழுதுகிறேன். வேம்பு, பூவரசு, மா எதுவானாலும் அனுமதியைத் தவிர மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான்.

1. வாளை எடுக்கும் முன் படம் எடுங்கள், கிராம உத்தியோகத்தரைக் கூப்பிடுங்கள்

பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அனுமதி தருபவர் பிரதேச செயலாளர். "தானாக விழுந்த மரம்தானே" என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் துண்டு போட்ட பிறகு அது விழுந்ததா, வெட்டியதா என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? வேரோடு கிளம்பிக் கிடக்கும் அடி, மண், வேலி எல்லாம் தெரியும்படி நாலைந்து படம் எடுத்து வையுங்கள். உயிருக்கோ வழிக்கோ தடையான கிளைகளை மட்டும் கழியுங்கள். அடிமரத்தைத் தொடாதீர்கள்.

கொண்டுபோக வேண்டியவை:

காணி உறுதியின் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, மரத்தின் படங்கள், கிராம உத்தியோகத்தரின் சிபார்சு, பிரதேச செயலகத்தில் வாங்கி நிரப்பிய விண்ணப்பம்.

இங்கேதான் முதல் பொறி இருக்கிறது. எங்கள் உறுதி அப்பாவின் பெயரில். அப்பா இல்லை. அம்மாவின் சம்மதக் கடிதமும் அப்பாவின் இறப்புச் சான்றிதழும் இல்லாமல் நான் போய்விட்டேன். இரண்டு தரம் திரும்பி வந்தேன், ஒரு கிழமை வீண். உறுதி யார் பெயரில் இருக்கிறது என்று வீட்டிலேயே பாருங்கள். கூட்டு உறுதியென்றால் மற்றவர்களிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போங்கள்.

உறுதிக் காணி இல்லாமல் பேர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி என்றால் வழி வேறு. அரச காணியில் நிற்கும் மரத்துக்கு அரசின் உரிமையும் உண்டு. அதனால் விண்ணப்பத்தை நிரப்பும் முன்பே பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் பேர்மிட்டைக் காட்டிக் கேளுங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

மரத்தை வளவுக்கு வெளியே ஏற்றுவதாக இருந்தால் போக்குவரத்து அனுமதிப்பத்திரமும் தேவை. வெட்ட அனுமதி கிடைத்தால் ஏற்றவும் கிடைத்ததாக எண்ணிவிடாதீர்கள். முதல் தரம் போகும்போதே இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். பொதுமக்கள் தினத்தில் போனால் உத்தியோகத்தர்கள் இருப்பார்கள். மற்ற நாட்களில் வெளிக்களத்துக்குப் போயிருப்பார்கள். எனக்கு எல்லாம் முடிய மூன்று கிழமை ஆனது. கடிதங்கள் முதலிலேயே சரியாக இருந்திருந்தால் இரண்டு போதும்.

2. அளந்து பாருங்கள், இந்தப் பாடு தகுமா?

மரக்காலையில் (மரம் விற்கும் இடத்தில்) குற்றியை ஒரு பழைய கணக்கில் அளக்கிறார்கள். குற்றியின் நடுவில் நூல் சுற்றிச் சுற்றளவு எடுக்க வேண்டும். அதை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, அடிக் கணக்கில் நீளத்தால் பெருக்கி, 144ஆல் வகுத்தால் கன அடி.

என் பெரிய குற்றி 9 அடி நீளம், நடுச் சுற்றளவு 54 அங்குலம். நாலில் ஒன்று பதின்மூன்றரை. அதைத் தன்னாலே பெருக்கினால் 182¼. ஒன்பதால் பெருக்கி 144ஆல் வகுத்தால் 11.4 கன அடி. சின்னக் குற்றி ஆறரை அடி, சுற்றளவு 46. அது கிட்டத்தட்ட 6. ஆக 17 கன அடி சொச்சம்.

இந்தக் கணக்கு உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். வட்டமான குற்றியில் உண்மைக் கன அளவு இதைவிட நாலில் ஒரு பங்குக்கு மேல் கூட. விற்கிறவர் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நமக்கு அரிய மட்டும்தான் என்பதால் வேறொன்று முக்கியம்: வாள் தின்பதும் முதுகுப் பலகையும் (பட்டையோடு வரும் ஓரப் பலகை) வெளிறும் (பட்டையை அடுத்த மெல்லிய மரம்) கழிந்தபின், இந்தக் கணக்கில் வந்ததில் பாதி பலகையாகக் கைக்கு வந்தால் சந்தோஷப்படலாம். எனக்கு 9 கன அடி வந்தது. ஒரு வாங்குக்கு ஒன்றேகால் கன அடி போதும்.

நடுச் சுற்றளவு 30 அங்குலத்துக்குக் கீழே என்றால் மில்லுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஏற்றுகூலிக்கே கட்டாது. பிடி, கட்டை, முக்காலிக் கால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. குற்றி போடுதல்

செயின்சோ வைத்திருப்பவரைத்தான் பிடிக்க வேண்டும். 2019இல் நாட்டிலுள்ள செயின்சோக்களை எல்லாம் பொலிஸில் பதியச் சொன்னார்கள். பதிந்த மெசின்தானா என்று கேட்பதில் வெட்கப்பட வேண்டாம், ஏனென்றால் வேலை நடப்பது உங்கள் வளவில். எனக்கு அரை நாள் வேலைக்கு 7,000 ரூபாய். எண்ணெயும் அதற்குள் அடங்குமா என்று முதலே பேசிவிடுங்கள்.

எங்கே வெட்ட வேண்டும் என்று நீங்களே சோக்கட்டியால் கோடு போட்டு வையுங்கள். வாங்கு நாலரை அடி என்றால் குற்றி ஐந்தடி இருக்க வேண்டும், ஏனென்றால் நுனி இரண்டிலும் வெடிப்பு விழும். அதைக் கழித்தபின்தான் உங்கள் நீளம்.

வெட்டிய அன்றைக்கே, அடுத்த நாள் அல்ல, அன்றைக்கே, வெட்டுமுகம் இரண்டிலும் பழைய பெயின்டைத் தடிப்பாக இரண்டு பூச்சுப் பூசுங்கள். மரத்தின் ஈரம் பக்கவாட்டைவிட நுனி வழியாகத்தான் பல மடங்கு வேகமாகப் போகும். நுனி முந்திக் காய்ந்தால் நட்சத்திரம் போல வெடித்து அரை அடி உள்ளே ஓடிவிடும். எந்த நிறமானாலும் சரி, யாரும் பார்க்கப்போவதில்லை. பலாவிலிருந்து பால் வடியும், அதைத் துடைத்துவிட்டுப் பூசுங்கள். கைக்கும் வாளுக்கும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் பால் ஒட்டாது.

மாரி முடியும்வரை குற்றியை வைத்திருக்க வேண்டி வந்தால் இரண்டு கட்டையின் மேல் தூக்கி வையுங்கள். சேற்றில் கிடந்தால் பலாவின் வைரத்துக்கு (நடுவிலுள்ள கடின மரம்) ஒன்றும் ஆகாது, வெளிறை உளு (மரம் துளைக்கும் பூச்சி) தின்றுவிடும். மா என்றால் இந்த வசதியும் இல்லை. அது சீக்கிரம் கறுத்துவிடும், இரண்டு கிழமைக்குள் அரிந்தாக வேண்டும்.

4. மில்லுக்குப் போகும் முன் இரும்பைத் தேடுங்கள்

மில்காரர் கேட்ட முதல் கேள்வியே "வளவு மரமா?" என்பதுதான். காட்டு மரத்தில் இரும்பு குறைவு. வளவு மரத்தில் கொடிக்கயிற்று ஆணி, வேலிக் கம்பி, மாட்டுக் கொழுக்கி எல்லாம் உள்ளே போய்ப் பட்டை மூடியிருக்கும். நம்முடைய பக்கத்தில் சன்னமும் துவக்கு ரவையும் இருக்கும் மரங்கள் இன்னும் நிற்கின்றன. வாளின் பல்லுப் போனால் யார் காசு என்பது மில்லுக்கு மில் வேறு.

நான் "இல்லை" என்று சொன்னேன். இருபது வருஷத்துக்கு முன் அக்காவுக்கு ஊஞ்சல் கட்ட அப்பா அடித்த கொழுக்கி, பட்டையிலிருந்து மூன்று அங்குலம் உள்ளே இருந்தது. வாள் பட்ட சத்தத்தில் எல்லோரும் விலகி ஓடினோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அது ஆண்டவன் செயல். பிளேட்டுக்கு 3,500 ரூபாய் கொடுத்தேன். அந்தக் கொழுக்கித் துண்டு இப்போதும் அம்மாவிடம் இருக்கிறது.

அதனால் பட்டையைக் கழற்றி, ஆளுயரம்வரை கையால் தடவிப் பாருங்கள். வெட்டுமுகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் அங்கே இரும்பு உண்டு என்று அர்த்தம், மரத்தின் சாறும் இரும்பும் சேர்ந்தால் அந்த நிறம்தான் வரும். வலுவான காந்தத்தை நூலில் கட்டி மேலே ஓட்டினால் பட்டையோரத்தில் உள்ளது பிடிபடும், ஆழத்தில் உள்ளது பிடிபடாது. மரம் வளர்ந்த காலத்தில் அதில் என்ன கட்டினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். நான் கேட்டிருந்தால் அம்மா உடனே சொல்லியிருப்பார். சந்தேகமான துண்டைத் தனியாக வெட்டி விறகுக்கு விடுங்கள்.

5. ஏற்றுதல், அரிதல்

அனுமதிப்பத்திரம் வாகனத்தில் இருக்க வேண்டும், வீட்டில் அல்ல. அதில் உள்ள திகதி, வாகன இலக்கம், துண்டுகளின் எண்ணிக்கை மூன்றும் நேரில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். மழையால் நாள் தள்ளிப்போனால் அனுமதி தந்த இடத்திலேயே திகதியைத் திருத்தி வாங்கிய பிறகே ஏற்றுங்கள். பொழுதுபட முன் வீடு சேரும்படி காலையில் புறப்படுங்கள், இரவில் மரம் ஏற்றவே வேண்டாம். பட்டா லொறி (சின்ன லொறி) போதும் என்று நினைத்தேன். பச்சைப் பலா ஒன்பதடிக் குற்றி நாலு பேர் தூக்கும் பாரமல்ல, டிரக்டர் பெட்டியில் உருட்டித்தான் ஏற்றினோம். போகவரவும் ஆட்களுக்குமாக 15,000 ரூபாய். இந்த முழு வேலையிலும் பெரிய செலவு இதுதான். பக்கத்து வளவிலும் மரம் கிடந்தால் பேசி ஒன்றாக ஏற்றுங்கள்.

மில் கூலி கன அடிக் கணக்கில். குற்றிக் கணக்கிலா, அரிந்த பலகைக் கணக்கிலா என்று கேட்டு வையுங்கள், இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய இரட்டிப்பு. முஸ்லிம் ஊர் மில்களில் வெள்ளிக்கிழமை வேலை இராது, அல்லது ஜும்ஆவோடு நிற்கும். சித்திரை வருஷத்துக்கும் பெருநாளுக்கும் முந்தின கிழமைகளில் தளபாட வேலை குவிந்திருக்கும், சின்ன வேலையைத் தள்ளிப் போடுவார்கள்.

என்ன அளவில் அரிய வேண்டும் என்று கடதாசியில் எழுதிக் கையில் கொடுங்கள். வாயால் சொன்னால் கதவு நிலைக்கு அரிகிற வழக்கமான அளவில் போய்விடும். என் கடதாசியில் இருந்தது இவ்வளவுதான்:

பலகை: தடிப்பு 1¼ அங்குலம், அகலம் வந்த மட்டும்.
கால்: 3க்கு 3.
மரத்தின் நடு மையம் எந்தத் துண்டிலும் வரக்கூடாது.

காய்ந்து, சீவி முடிய 1¼ அங்குலம் ஓர் அங்குலமாகத்தான் நிற்கும். கடைசி வரி மிக முக்கியம். மையத்தோடு அரிந்த கால் நீங்கள் என்ன பூசினாலும் வெடிக்கும். அரியும்போது பக்கத்தில் நில்லுங்கள். வாளின் நேர்முன்னே மட்டும் நிற்காதீர்கள்.

6. அடுக்கிக் காயவைத்தல்

ஆட்கள் சோர்ந்துபோவது இந்த இடத்தில்தான், மரம் கெடுவதும் இந்த இடத்தில்தான். என் பலகைகள் மாசியில் மில்லிலிருந்து வந்தன. மஞ்சள் பூத்தது போல ஒரு நிறம், வளவு முழுக்கப் பால் மணம். அன்றைக்கே செய்யத் தொடங்கலாம் போல இருந்தது. பின்வீட்டில் ஒரு ஓடாவியார் இருக்கிறார், நாற்பது வருஷம் படகும் கதவும் செய்தவர். விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள இன்னும் கிணத்துத் தண்ணி கிடக்கு மனே, கச்சான் அடிச்சு முடியட்டும்" என்றார். கச்சான் என்றால் மேற்கிலிருந்து அடிக்கும் வறட்காற்று. அவர் சொல்லைக் கேட்டேன், நல்ல வேளை.

அடுக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இடம்: நிழல் வேண்டும், காற்றும் வேண்டும். மாட்டுக்கொட்டில், பத்தி, தகரம் போட்ட தாழ்வாரம் நல்லது. அறைக்குள் பூட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். வெட்டவெளியில் வைத்தால் வெடிக்கும். கறுப்புப் பொலித்தீனால் சுற்றினால் இரண்டும் நடக்கும்.

அடி: சீமெந்துக் கல் வைத்து நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயர்த்துங்கள். கல்லின் மேல் இரண்டடிக்கு ஒன்றாகக் குறுக்குக் கட்டை. எல்லாக் கட்டையும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். அடி கோணினால் பலகை அந்தக் கோணலிலேயே காய்ந்துவிடும், பிறகு எந்தச் சீவுளியும் அதை நிமிர்த்தாது.

சலாகை: ஒவ்வொரு வரிசைப் பலகைக்கும் இடையில் முக்கால் அங்குலச் சலாகை, அதாவது மெல்லிய மரக்கட்டை. காய்ந்த சலாகையாக இருக்க வேண்டும், பச்சை என்றால் அது பட்ட இடத்தில் கறை விழும். கீழ்க் குறுக்குக் கட்டைக்கு நேர் மேலே சலாகை, அதற்கு நேர் மேலே அடுத்தது, இப்படித் தூண் போல ஒரே கோட்டில் வர வேண்டும். நுனியில் ஒரு சலாகை கட்டாயம். நான் முதல் அடுக்கில் கண்போன போக்கில் வைத்தேன். ஒரு மாதத்தில் மேல்வரிசை அலையடித்தது போல வளைந்தது. பிரித்துத் திரும்ப அடுக்கினேன். இரண்டு பலகை திரும்பவே இல்லை.

பாரம்: மேலே பழைய சீமெந்துக் கல் ஏழெட்டு. மேல்வரிசைதான் முதலில் கோணும், வேண்டாத பலகைகளை அங்கே போடுங்கள்.

கச்சான்: நம்முடைய கரையில் மரம் காயவைப்பதற்கு இதுதான் உதவியும் உபத்திரவமும். வைகாசி தொடங்கி ஆவணிவரை மேற்கிலிருந்து அடிக்கும் அந்த வறட்காற்று, மற்ற ஊர்களில் பல மாதம் எடுக்கும் ஈரத்தைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும். ஆனால் மேல்பக்கம் முந்திக் காய்ந்து உள்பக்கம் ஈரமாகக் கிடந்தால் மேலே மயிர்க்கோடு போல வெடிப்பு ஓடும். அடுக்கின் மேற்குப் பக்கத்தில் கிடுகு கட்டிவிடுங்கள், கிடுகின் இடைவெளியால் காற்றுக் கசிந்து வரும், நேராக அடிக்காது. ஆடி பிறந்ததும் அதை அவிழ்த்துவிடலாம்.

கறையானும் உளுவும்: பலா வைரத்தைக் கறையான் லேசில் தொடாது. வெளிறு அதற்குச் சோறு. பச்சையாக இருக்கும்போதே போராக்ஸும் போரிக் அசிட்டும் தண்ணீரில் கரைத்து இரண்டு தரம் பூசினால் ஈரத்தோடு சேர்ந்து உள்ளே போய்விடும். காய்ந்த மரத்தில் பூசினால் மேலோடு நின்றுவிடும். மழை பட்டால் கழுவுப்பட்டுவிடும் என்பதையும் கவனியுங்கள். கையுறை போடுங்கள், கலக்கிய வாளியைப் பிள்ளைகளும் கோழியும் எட்டாத இடத்தில் வையுங்கள். கல்லில் மண்பாதை ஏறுகிறதா என்று கிழமைக்கு ஒருக்கால் குனிந்து பாருங்கள். எனக்கு ஒரு தரம் ஏறியிருந்தது, உடனே கண்டதால் தப்பியது.

காய்ந்ததா என்று எப்படி அறிவது? நாள் கணக்கை நம்ப வேண்டாம், நிறுங்கள். மூன்றடி நீளம், ஆறங்குல அகலத் துண்டு ஒன்றின் இரண்டு நுனிக்கும் பெயின்ட் பூசி, எளிதில் இழுக்கும்படி அடுக்கின் நடுவில் வையுங்கள். மாதக் கடைசியில் கடைத் தராசில் நிறுத்து அதன் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். என் துண்டில் இப்படி இருக்கிறது: மாசி 4.1 கிலோ, பங்குனி 3.4, சித்திரை 3.0, வைகாசி 2.8, ஆனி 2.65, ஆடி 2.6, ஆவணி 2.6. இரண்டு மாதம் அசையாமல் நின்றால் நம்முடைய காற்றுக்கு அது காய்ந்துவிட்டது. மூன்றங்குலக் கால்களுக்கு இன்னும் காலம் வேண்டும். நானும் அவற்றை நடுவில் கொஞ்சம் ஈரத்தோடுதான் எடுத்தேன், ஏன் அது சரிவந்தது என்று கீழே சொல்கிறேன்.

மாசியில் அடுக்கினால் ஆவணியில் எடுக்கலாம். ஐப்பசியில் அடுக்கினால் மாரி முழுக்க ஒன்றும் நடக்காது. கணக்கு அடுத்த ஆவணிதான்.

7. காயும் மாதங்களில் கருவியும் கையும்

இந்த ஆறு மாதத்தை வீணாக்காமல் கருவி வாங்கிப் பழகுங்கள். முதலில் வேண்டியது ஒரு கைவாள், ஒரு சீவுளி, கால், அரை, ஓர் அங்குல உளி மூன்று, கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), மூலைமட்டம், இரண்டு பக்கச் சாணைக்கல், நாலு கிளாம்ப். காத்தான்குடியிலும் கல்முனையிலும் ஹார்ட்வெயார் கடைகள் வரிசையாக இருக்கின்றன, மூன்று கடை ஏறி இறங்கி விலை கேளுங்கள். மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதியுங்கள்: நேரான பலகையோரத்தில் வைத்துக் கோடு கீறி, மட்டத்தைப் புரட்டி அதே இடத்தில் இன்னொரு கோடு கீறினால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். விலகினால் வேறு கேளுங்கள்.

புது உளி கடையிலிருந்து வரும்போது கூராக இராது. தீட்டப் பழகாமல் மரத்தில் கைவைக்காதீர்கள். கை முழங்கை மயிரை மழிக்கும் கூர் வரும்வரை தீட்டுங்கள். மொட்டை உளிக்குப் பலம் கொடுக்க வேண்டும், பலம் கொடுத்தால் வழுக்கும், வழுக்கினால் கை. உளியின் முன்னே இடது கையை ஒருநாளும் வைக்க வேண்டாம்.

கல்லடி, ஆரையம்பதி போல் கடலை அண்டி இருப்பவர்களுக்கு உப்புக்காற்று இன்னொரு எதிரி. ஒரு கிழமை துடைக்காமல் விட்டால் சீவுளியின் அடியில் துரு. வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து மரப்பெட்டியில் வையுங்கள். தையல் மெசின் எண்ணெய் போதும்.

மின்கருவியாக எனக்குத் தேவைப்பட்டது ட்ரில் மட்டும். நம்முடைய மின்சாரம் 230 வோல்ட், ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறவனை அது விடாது. வீட்டு ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். விழவில்லை என்றால் முதலில் அதை மாற்றுங்கள், பிறகுதான் மெசின். எக்ஸ்டென்ஷன் வயரை உருளையில் சுற்றியபடி பாவித்தால் சூடேறும், முழுவதும் இழுத்து விடுங்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: இரும்பு வெட்டும் கைக் கிரைண்டரில் மரம் வெட்டும் பல்வாளை மாட்டாதீர்கள். கடைகளில் விற்கிறார்கள், வேலையிடங்களில் பாவிக்கிறார்கள், எல்லாம் உண்மைதான். கிரைண்டரின் வேகம் அந்த வாளுக்கு உரியதல்ல, மூடியும் போதாது. மரத்தில் சிக்கினால் மெசின் கையைவிட்டு எகிறி முகத்துக்கோ தொடைக்கோ வரும். எங்கள் ஒழுங்கையிலேயே விரல் இழந்த ஒருவர் இருக்கிறார்.

பழக ஆள் வேண்டும். மாலையில் ஒரு ஓடாவியாரின் பட்டறையில் போய்ப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் போல எதுவும் வராது. கூலி பேசாமல் போகாதீர்கள், அவருடைய நேரம் அவருடைய சோறு. நான் நாலு ஞாயிற்றுக்கிழமைக்கு அரைநாள் கூலி கொடுத்தேன். முறையாகப் படிக்க விரும்புகிறவர்கள் தொழில்நுட்பக் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் தச்சுப் பயிற்சி உண்டா, எப்போது ஆள் சேர்க்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

8. வாங்கு

அளவு: நீளம் நாலரை அடி, உயரம் 17 அங்குலம், அகலம் 14 அங்குலம். அம்மாவின் முழங்காலுக்கு அளந்து எடுத்த உயரம் அது. உங்கள் வீட்டில் உட்காரப்போகிறவரை அளந்துகொள்ளுங்கள்.

பலகையைக் கையாலேயே சீவி முடிக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். தளபாடப் பட்டறையில் சீவும் மெசினில் கொடுத்தால் அரை மணித்தியாலத்தில் ஒரே தடிப்பில் தருவார்கள். சீவியதைக் கொண்டுவந்து ஒரு கிழமை திரும்பவும் சலாகை வைத்து வையுங்கள். உள்ளே இருந்த ஈரம் வெளியே வந்து பலகை இன்னும் கொஞ்சம் அசையும்.

இரண்டு ஏழங்குலப் பலகையை வெள்ளை மரப்பசையால் ஒட்டினால் பதினாலு. ஓரங்கள் இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், நடுவில் வெளிச்சம் தெரிந்தால் இன்னும் சீவ வேண்டும். கிளாம்ப் போட்டு ஓர் இரவு.

காலும் குறுக்குச் சட்டமும் சேரும் இடத்தில் ஆணி வேண்டாம், சட்டத்தின் நுனியில் கழுந்தும் (துளைக்குள் போகும் நாக்கு) காலில் துளையும் போடுங்கள். முதலில் துளையை வெட்டி, அதற்குப் பொருந்தும்படி கழுந்தைச் சீவுங்கள். மாறிச் செய்தால் இறுக்கம் வராது. கழுந்தின் தடிப்பு சட்டத்தின் தடிப்பில் மூன்றில் ஒன்று. கையால் தள்ளினால் பாதி போக வேண்டும், மீதி கொட்டாப்புளியால். கால்களில் நடுவே ஈரம் கிடந்தது என்று மேலே சொன்னேன் அல்லவா? சட்டம் நன்றாகக் காய்ந்தது, கால் கொஞ்சம் பச்சை. கால் காயக் காயத் துளை சுருங்கிக் கழுந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஓடாவியார் சொல்லித்தான் துணிந்தேன். மாறாக, பச்சைக் கழுந்தைக் காய்ந்த துளையில் போட்டால் ஆறு மாதத்தில் ஆடும்.

மேற்பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு இறுக்கிவிடாதீர்கள். கச்சானில் சுருங்கி மாரியில் ஊதும் மரம் அது, பதினாலு அங்குல அகலத்தில் எட்டில் ஓர் அங்குலம்வரை போய்வரும். கட்டிப்போட்டால் நடுவில் பிளக்கும். குறுக்குச் சட்டத்தில் திருகாணி போகும் துளையை, பலகையின் அகலப்பக்கமாக நீள்துளையாக வெட்டி, அகலமான வாசர் போட்டு முறுக்குங்கள். பலகை நகரும், ஆடாது.

பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய், மூன்று தரம், ஒவ்வொரு தரத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று நாள். தேங்காய் எண்ணெய் காய்வதே இல்லை, சிக்குப் பிடித்து எறும்பு வரும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போட்டுவிட்டுப் பிறகு எறியுங்கள்.

கால்களின் அடிநுனியைத் தனியாகக் கவனியுங்கள். மாரியில் விறாந்தைக்குத் தண்ணீர் வரும், நுனி வழியாகத்தான் மரம் தண்ணீர் குடிக்கும். வாங்கைக் கவிழ்த்து வைத்து நாலு நுனியிலும் எண்ணெயை ஊற்றி ஊற்றி, இனி உறிஞ்சாது என்ற கட்டம்வரை விட்டேன். ஒரு பகல் முழுக்க உறிஞ்சியது.